உடம்போட பேலன்ஸை அளக்க எதுல காசு போடலாம்: ஸ்டாப்வாட்ச், போன் கேமரா, பலகை, சென்சார்

பெங்களூர்ல அல்சூர் பக்கம் சின்னதா ஒரு பிசியோ கிளினிக் நடத்தறேன். "நடக்கும்போது ஒரு பக்கமா தள்ளுது"ன்னு வர்ற வயசானவங்க, முட்டி மாத்தினவங்க, ஸ்ட்ரோக் வந்து தேறினவங்க, சாயங்காலம் ஆனா கணுக்கால் பிசகின டான்ஸ் கிளாஸ் பசங்க, இதுதான் கூட்டம். என்னை மாதிரியே ஒண்ணு ரெண்டு ரூம் வச்சு ஓட்டற பிசியோக்கள் அடிக்கடி கேக்கறது, பேலன்ஸை ஒழுங்கா அளக்க என்ன வாங்கலாம்னு. அம்மா அப்பாவை வீட்ல வச்சுப் பாத்துக்கற ஐடி ஆளுங்களும் இதையே கேக்கறாங்க, பெங்களூராச்சே, இதுக்கு ஆப் இருக்கான்னுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான். அளந்து ஒரு நம்பர் வந்துச்சுன்னா அதை வச்சு என்ன மாத்தப் போறீங்க? கைத்தடி குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணுமா, தள்ளாட்டம் கண்ணாலயா காதாலயா காலாலயான்னு பிரிச்சுப் பாக்கணுமா, ஒண்ணரை மாசம் எக்சர்சைஸ் பண்ணதுல எதாவது தேறிச்சான்னு தெரியணுமா, இல்ல பேஷண்டுக்கு அவங்க உடம்பு எப்படி நடந்துக்குதுன்னு கண்ணால காட்டணுமா? ஒவ்வொண்ணுக்கும் வேற வேற சாமான். இதுல கடைசியா சொன்னதை எல்லாரும் அளக்கறதோட சேத்துக் குழப்பிக்கறாங்க. திரையில கலர் கலரா கோடு ஓடிச்சுன்னா அளந்துட்டோம்னு நினைச்சுக்கறது. படம் வேற, அளவு வேற. நல்ல அளவுக்குப் படமே வேண்டியதில்ல, நல்ல படத்துக்குள்ள அளவே இல்லாமயும் இருக்கலாம்.

முதல்ல காசே ஆகாததுல இருந்து வர்றேன். டைம்ட் அப் அண்ட் கோன்னு ஒரு டெஸ்ட், 1991ல போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன்னு ரெண்டு பேர் எழுதி வெளியிட்டது. கை வச்ச நாற்காலியில உக்காந்திருக்கணும், "போங்க"ன்னு சொன்னதும் எழுந்து வழக்கமா நடக்கற வேகத்துல 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உக்காரணும், அவ்ளோதான். அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையம் சிடிசி விழுற ஆபத்தைப் பத்தி குடுத்திருக்கற வழிமுறையில 12 செகண்ட் இல்ல அதுக்கு மேல ஆச்சுன்னா கவனிக்கணும்னு இருக்கு. ஸ்டாப்வாட்ச் போன்லயே இருக்கு, டேப் ஒண்ணு தரையில ஒட்டணும். ஆனா இதை நெறைய பேர் கெடுக்கறது சின்னச் சின்ன விஷயத்துலதான், இந்த வாரம் கை வச்ச மர நாற்காலி, அடுத்த வாரம் கை இல்லாத ஸ்டூல், ஒரு தடவை வெறும் கால், இன்னொரு தடவை வழுக்கற ரப்பர் செருப்பு, இப்படி மாத்தி மாத்தி எடுத்துட்டு ரெண்டு செகண்ட் குறைஞ்சிருக்கு பாருங்கன்னு சந்தோஷப்பட்டா அந்த ரெண்டு செகண்டு நாற்காலியோடதா பேஷண்டோடதான்னு யாருக்கும் தெரியாது. என் கிளினிக்ல இதுக்குன்னே ஒரு நாற்காலி இருக்கு, அதுல வேற யாரையும் உக்கார விடறதில்ல, வெயிட்டிங்ல எவ்ளோ கூட்டம் இருந்தாலும்.

அடுத்து நிக்கற டெஸ்ட். ரெண்டு காலும் ஒட்டி, அப்புறம் ஒரு பாதம் அரைப்பாதம் முன்னாடி, அப்புறம் முன்னாடி கால் குதிகால் பின்னாடி கால் விரலைத் தொடற மாதிரி நேர்கோட்டுல, கடைசியா ஒத்தைக்கால், ஒவ்வொண்ணும் 10 செகண்ட். அந்த நேர்கோட்டு நிலையை 10 செகண்ட் தாங்க முடியலன்னா விழுற ஆபத்து கூடன்னு அதே சிடிசி சொல்லுது. ஒத்தைக்கால் பத்தி 2022ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல பிரேசில் ஆளுங்க ஒரு ஆய்வு போட்டாங்க, 51ல இருந்து 75 வயசு வரைக்கும் 1702 பேர், அதுல அஞ்சுல ஒருத்தரால 10 செகண்ட் நிக்க முடியல, அப்படி நிக்க முடியாதவங்களுக்கு அடுத்து வந்த வருஷங்கள்ல சாவு ஆபத்து 84 சதவீதம் அதிகமா இருந்துச்சுன்னு. இது வாட்ஸாப்ல "ஒத்தைக்கால்ல நில்லு, ஆயுசு தெரியும்"னு சுத்துச்சு, அப்படி இல்லைங்க. ஒத்தைக்கால்ல நிக்க முடியாததால யாரும் சாகல, நிக்க முடியாத உடம்புக்குள்ள ஏற்கனவே சக்கரையோ இதயக் கோளாறோ இருந்திருக்கும்.

நடை வேகத்துக்கும் இதே கதைதான். 2019ல வந்த ஆசிய வழிகாட்டுதல்படி, செகண்டுக்கு 1 மீட்டருக்குக் கீழ நடந்தா தசை பலம் குறையுதான்னு பாக்கணும். அதாவது 6 மீட்டருக்கு 6 செகண்டுக்கு மேல எடுக்கக்கூடாது, ரெண்டு மீட்டர் முன்னாடியே நடக்க ஆரம்பிக்கச் சொல்லி நடுவுல இருக்கற 6 மீட்டரை மட்டும் எடுக்கணும். என் ரூம்ல அவ்ளோ நீளம் கிடையாது, அபார்ட்மென்ட் காரிடார்தான், லிஃப்ட்ல இருந்து யாராவது வெளிய வந்தா மறுபடி முதல்ல இருந்து.

பேலன்ஸுக்கு மார்க் போடற பெர்க் ஸ்கேல் வேணும்னா 14 வேலை, ஒவ்வொண்ணுக்கும் 4 மார்க், மொத்தம் 56. நேரம் ஆகும், ஆனா ஸ்ட்ரோக் பேஷண்டுக்கு நல்லது. ரெண்டு சிக்கல். ஓரளவு நல்லா இருக்கறவங்க 54, 55 எடுத்துட்டு மேல ஏற இடமே இல்லாம நின்னுடுவாங்க. இன்னொண்ணு, ரெண்டு மார்க் கூடினதை முன்னேற்றம்னு எழுதறது. வயசானவங்கள்ல மார்க் எந்த மட்டத்துல இருக்குங்கறதைப் பொறுத்து 4ல இருந்து 7 வரைக்கும் மாறினாத்தான் நெஜமா மாறியிருக்குன்னு ஆய்வுல வந்திருக்கு. ரெண்டு மார்க்கெல்லாம் அன்னைக்கு காலைல காபி குடிச்சாங்களா இல்லையாங்கறதுல போய்டும்.

இந்தக் காசில்லாத வகையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபோம் டெஸ்ட். நாம நிக்கறதுக்கு உடம்பு மூணு இடத்துல தகவல் வாங்குது, கண், உள்காது, பாதத்துலயும் மூட்டுலயும் இருக்கற உணர்வு. கெட்டித் தரையில கண் திறந்து, கண் மூடி, அப்புறம் தடி ஃபோம் மேல கண் திறந்து, கண் மூடின்னு நாலு விதமா 30 செகண்ட் நிக்க வச்சா, எது போச்சோ அது தானா வெளிய வரும். கெட்டித் தரையிலயே கண்ணை மூடினதும் தடுமாறினா பாத உணர்வு மேல சந்தேகம், 1800கள்ல ராம்பெர்க்குங்கற ஜெர்மன் டாக்டர் கண்டுபிடிச்ச சூட்சுமம் இன்னும் அப்படியே வேலை செய்யுது. ஃபோம்ல கண் மூடும்போது மட்டும் சாஞ்சா உள்காது மேல சந்தேகம், இஎன்டி டாக்டர்கிட்ட அனுப்பலாம். ஃபோம் மட்டும் வாங்கிடுங்க, மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் வேணாம், ஒரு மாசத்துல அமுங்கிப் போய் தரை மாதிரி ஆய்டும், அப்புறம் எல்லாருமே தேறிட்ட மாதிரி தெரியும். கண் மூடற டெஸ்ட் எதுவா இருந்தாலும் பின்னாடி சுவர் மூலை, முன்னாடி நாற்காலி, பக்கத்துல கை எட்டற தூரத்துல ஒரு ஆள். வீட்ல தனியா பண்ணிப் பாக்காதீங்க.

ஸ்டாப்வாட்ச்சோட குறை எங்கன்னா, எவ்ளோ நேரம்னு சொல்லும், எப்படின்னு சொல்லாது. ரெண்டு பேரும் 11 செகண்ட்ல வர்றாங்க. ஒருத்தர் நிதானமா நேரா நடந்து வர்றாரு, இன்னொருத்தர் வேகமா போய் திரும்பற இடத்துல ஏழெட்டு குட்டிக் குட்டி அடி வச்சு சுவத்தைப் பிடிச்சு வர்றாரு. நம்பர் ஒண்ணு, ஆபத்து ஒண்ணில்ல. அங்கதான் கேமரா வேணும்.

போன் கேமராவுல ரெண்டு வழி. சும்மா வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாக்கறது ஒண்ணு. கினோவியான்னு விண்டோஸ்ல ஓடற இலவச சாஃப்ட்வேர் இருக்கு, போன மாச வீடியோவையும் இந்த மாச வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே நேரத்துல ஓட்டலாம், முட்டிக் கோணத்தைக் கோடு போட்டு அளக்கலாம். இன்னொண்ணு, ஏஐ தானா உடம்புல புள்ளி வச்சு எலும்புக்கூடு வரையறது, கூகுளோட மீடியாபைப் 33 புள்ளி வைக்கும், அதே கூகுளோட மூவ்நெட் 17, இதெல்லாம் இலவசம், சாதாரண லேப்டாப்லயே ஓடும். ஸ்டான்ஃபோர்ட்ல பண்ண ஓபன்கேப் ரெண்டு ஐபோனை வச்சு முப்பரிமாணத்துல எலும்பு மூட்டு அசைவே குடுக்குது, ஆனா அது ஆராய்ச்சிக்குத்தான் இலவசம், கிளினிக்ல காசு வாங்கிட்டுப் பண்றதுக்கு இல்ல.

எலும்புக்கூட்டைப் பாத்ததும் எல்லாரும் மயங்கிடறாங்க. நானும் ஆசையா பாக்கறவன்தான், ஆனா நம்ம ஊர் பேஷண்ட் என்ன உடுத்திட்டு வர்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பாட்டி புடவையில வர்றாங்க, முட்டி எங்க இருக்குன்னு கொசுவத்துக்குள்ள கேமராவுக்குத் தெரியாது. ஆனா அது தெரியலன்னு சொல்லாது, ஒரு இடத்துல குத்துமதிப்பா புள்ளியை வச்சுடும். பாட்டி நடக்க நடக்க மடிப்பு முன்னாடி போய்ப் பின்னாடி வரும், புள்ளியும் அது கூடவே போய் வரும். முட்டி மடங்கறதுன்னு நீங்க பாக்கற கிராஃப் பாதிக்கு மேல துணி ஆடறதோட கிராஃப். வேஷ்டியும் அப்படித்தான், நைட்டி இன்னும் மோசம். பேண்ட் போட்டுட்டு வாங்கன்னு எழுபத்தஞ்சு வயசு அம்மாகிட்ட எப்படிச் சொல்றது, பேத்தியோட ட்ராக் பேண்டை போட்டு விட்டா அவங்க நடையே மாறிப் போய்டுது, கூச்சத்துல. புடவையில வர்றவங்களுக்கு நான் ஏஐயை ஓட்டறதே இல்ல, முகமும் தோளும் பாதமும் தெரியற மாதிரி சாதா வீடியோ போதும், அடி நீளம், அகலம், திரும்பறது, கை வீசறது, அவ்ளோவும் அதுலயே கிடைக்கும்.

துணி ஒழுங்கா இருந்தாக்கூட ஒரே கேமராவுல ஆழம் சரியா வராது, கேமராவைப் பாத்து வர்ற நடையில முட்டி எவ்ளோ மடங்குதுன்னு நம்பவே கூடாது. பக்கவாட்டுல இருந்து, இடுப்பு உயரத்துல, ட்ரைபாட்ல, நடக்கற கோட்டுக்குச் செங்குத்தா வைங்க, தரையில ட்ரைபாட் கால் வைக்கற இடத்துக்கும் டேப் ஒட்டுங்க. அப்படியும் சில டிகிரி தப்பு வரும், அதனால 5 டிகிரி கூடிச்சுன்னு ரிப்போர்ட் எழுதாதீங்க. அப்புறம் வீடியோவை எங்க வைக்கறீங்கங்கறது. 2023ல தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு, பேஷண்டோட வீடியோவை அவங்க சம்மதம் இல்லாம ஏதோ ஒரு ஆப்போட சர்வருக்கு ஏத்தறது சரியில்ல, போன்லயே ஓடற சாஃப்ட்வேரா பாத்து எடுங்க.

இனி பலகை. மேல ஏறி நின்னா உடம்போட பாரம் பாதத்துக்குக் கீழ எந்தப் புள்ளியில இறங்குதுன்னு சொல்ற பலகை. நாலு மூலையிலயும் நாலு எடை சென்சார், வலது ரெண்டையும் கூட்டி இடது ரெண்டைக் கழிச்சு மொத்தத்தால வகுத்தா பக்கவாட்டு நிலை, முன்னாடி பின்னாடிக்கும் அதே கணக்கு, இவ்ளோதான் உள்ளே இருக்கற ரகசியம். லேப்ல இருக்கற ஃபோர்ஸ் பிளேட் லட்சக்கணக்குல போகும். நின்டெண்டோ 2007ல விளையாட்டுக்குன்னு விட்ட வீ பேலன்ஸ் போர்டும் இதே வேலையைத்தான் பண்ணுது, 2010ல ஆஸ்திரேலியா ஆளுங்க ரெண்டையும் ஒப்பிட்டு, நிக்கற ஆட்டத்தை அளக்க இது போதும்னு எழுதினாங்க, அதுக்கப்புறம் உலகம் பூரா பிசியோக்கள் அதைத் தேடி வாங்கினாங்க. இப்ப புதுசா வர்றதில்ல, பழசு கிடைச்சா ப்ளூடூத்ல லேப்டாப்போட சேத்து ஓட்டலாம், வாங்கறதுக்கு முன்னாடி நாலு மூலையிலயும் ஒரே எடையை மாத்தி மாத்தி வச்சுப் பாருங்க, ஒரு மூலை மட்டும் குறைவா காட்டினா விட்டுடுங்க.

எஸ்பி ரோட்ல போய் லோட் செல், அதாவது அந்த எடை சென்சார், வாங்கி நாங்களே பண்ணிக்கறோம்னு சொல்ற இன்ஜினியர் பசங்களுக்கு ஒண்ணு. அந்தக் கடைகள்ல எடை மெஷினுக்குன்னு குடுக்கற எச்எக்ஸ்711 போர்டு பெரும்பாலும் செகண்டுக்கு 10 தடவைதான் படிக்கும், காய்கறி நிறுக்க அது போதும், மனுஷன் ஆடறதுக்குப் போதாது. அதுல ஒரு பின்னை மாத்தினா 80 ஆகும், அதை மறந்துடாதீங்க. நாலு செல்லையும் ஒரே போர்டுல சேத்துக் கட்டிடாதீங்க, மொத்த எடை மட்டும்தான் வரும், எந்தப் பக்கம்னு வராது.

படம்னா இதுலதான் படம். நிக்கற நேரம் பூரா அந்தப் புள்ளி நகர்ற பாதையைக் கோடா வரைஞ்சா, நல்லா நிக்கறவங்களுக்கு நடுவுல சின்னதா சிக்கின நூல் மாதிரி வரும். சக்கரை வியாதி ரொம்ப வருஷமா இருக்கற ஒரு அம்மா, சிவாஜி நகர்ல இருந்து வர்றவங்க, கண்ணைத் திறந்து நின்னப்ப அப்படித்தான் வந்துச்சு. கண்ணை மூடச் சொன்னதும் கோடு திரை ஓரம் வரைக்கும் போய்ப் போய் வந்துச்சு, முன்னாடி பின்னாடிதான் அதிகம். இறங்கி வந்து ரெண்டையும் பாத்தாங்க, "இது ரெண்டும் நானா சார்?"னாங்க, கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அவங்களாவே "அப்ப ராத்திரி லைட் போடாம பாத்ரூம் போறேனே, அது இப்படித்தான் இருக்குமா"ன்னு கேட்டாங்க. நான் மாசக்கணக்கா ராத்திரி விளக்கு ஒண்ணு வைங்கம்மான்னு சொல்லிட்டுத்தான் இருந்தேன், கரண்ட் பில்னு சொல்லிட்டு இருந்தாங்க. ஸ்டாப்வாட்ச்சும் அதே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கும், ஆனா அவங்களுக்குச் சொல்லியிருக்காது.

பலகையை நம்பிக் கெடறதும் உண்டு. ஆட்டம் கம்மின்னா பேலன்ஸ் நல்லாருக்குன்னு எடுத்துக்கக் கூடாது, பார்க்கின்சன் இருக்கற சில பேர் விறைச்சு நிக்கறதால ஆட்டமே தெரியாது, லேசா தோளை இழுத்தா அப்படியே பின்னாடி வருவாங்க. அப்புறம் 20 செகண்ட் அளந்ததையும் 60 செகண்ட் அளந்ததையும் ஒப்பிடக்கூடாது, நேரம் கூடக்கூட கோட்டு நீளம் தானா கூடும். பாதம் எவ்ளோ அகலமா வச்சிருந்தாங்கங்கறதும் மாத்திடும், பலகை மேல பேப்பர் ஒட்டி அவங்க பாதத்தை வரைஞ்சு வச்சுக்கங்க, பேர் எழுதி ஃபைல்ல போட்டுடுங்க.

பலகைக்கு வழியில்லன்னா, முட்டி ஆபரேஷன் பேஷண்டுக்கு நான் பண்றது, ஒரே மாதிரி பாத்ரூம் எடை மெஷின் ரெண்டு, பக்கத்துல பக்கத்துல. ஒரு கால் இதுல, ஒரு கால் அதுல. 70 கிலோ ஆள், வலது 44, இடது 26. ஆபரேஷன் பண்ண கால்ல பாரம் போடவே மாட்டேங்கறாங்கன்னு அவங்களுக்கே நம்பர்ல தெரியுது, எதிர்ல கண்ணாடி வச்சுட்டா அங்கயே சரிபண்ணப் பாக்கறாங்க.

சென்சார் வகை, அதாவது உடம்புல கட்டற முடுக்கமானி (வேகம் மாறறதை அளக்கறது), ஜைரோ (திரும்பறதை அளக்கறது). தனியா வாங்கலாம், ஆனா கையில இருக்கற போன்லயே ரெண்டும் இருக்கு. ஜெர்மனியில ஆகன் யுனிவர்சிட்டி பண்ண ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப், போனை இடுப்புக்குப் பின்னாடி பெல்ட்ல இறுக்கிக் கட்டி நடக்க விட்டா ஒவ்வொரு அடியும் ஒரு முள்ளு மாதிரி கிராஃப்ல வரும், அடிக்கு அடி எவ்ளோ நேரம்னு எக்செல்ல போட்டுப் பாக்கலாம், திரும்பற வேகம் ஜைரோல அழகா வரும். கேமராவால முடியாத ஒண்ணு இதுக்கு முடியும், கிளினிக்குக்கு வெளிய போறது. கிளினிக்ல எல்லாரும் நல்லா நடப்பாங்க, நான் பாக்கறேன்ல. கோளாறு தெரியறது கல்லு பேந்த ஃபுட்பாத்ல, பால் பாக்கெட் கையில வச்சிருக்கும்போது, பின்னாடி ஸ்கூட்டர் ஹாரன் அடிக்கும்போது.

ஐபோன் 2021ல இருந்து நடை நிதானத்தைத் தானாவே கணக்குப் போட்டுச் சொல்லுது, விழற ஆபத்து கூடினா எச்சரிக்கையும் பண்ணும். பசங்க ஆசையா அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் குடுத்துட்டு அதைப் பாக்கலாம்னு திறப்பாங்க, டேட்டா ஒண்ணுமே இருக்காது. போன் இடுப்புக்குப் பக்கத்துல பாக்கெட்ல இருந்தாத்தான் அது கணக்குப் பண்ணும், புடவையில ஏது பாக்கெட், அம்மா போன் டிவி மேல இருக்கும், இல்ல கைப்பையில. அப்பாவுக்கு சட்டைப் பாக்கெட். இதுக்குக் கண்டுபிடிச்ச வழி இடுப்புப் பை, அதையும் அரை மணி நேர வாக்கிங்குக்கு மட்டும்னு சொன்னா ஒத்துக்கறாங்க.

சென்சாரோட வினை ரெண்டு. ஜைரோ கணக்கு நேரம் போகப் போக நழுவும், அதனால எந்தக் கோணத்துல சாஞ்சாங்கன்னு பத்து நிமிஷம் கழிச்சு வர்ற நம்பரை நம்பாதீங்க, அதைச் சரிபண்ண காந்த சென்சாரைச் சேப்பாங்க, நம்ம கட்டடம் பூரா கம்பி, லிஃப்ட் பக்கம் போனா அதுவும் குழம்பும். ரெண்டாவது, அந்த கிராஃபைப் பேஷண்டுகிட்ட காட்டினா "ஈசிஜியா சார்?"ம்பாங்க. நமக்குத்தான் அது, அவங்களுக்கு இல்ல.

கடைசி வகை லேப். சுத்தி இன்ஃப்ராரெட் கேமரா, உடம்புல வெளிச்சம் திருப்பற குட்டி உருண்டைகள், தரைக்குள்ள ஃபோர்ஸ் பிளேட். 1880கள்ல மாரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஆளுக்குக் கறுப்புத் துணி போட்டு கை கால்ல வெள்ளைக் கோடு ஒட்டி நடக்க விட்டு ஒரே தகட்டுல படம் எடுத்தாரு, இன்னைக்கு லேப்ல நடக்கறது அதோட பேரன்தான். துல்லியம்னா இதான் துல்லியம், ஆனா விலை கோடியைத் தொடும், ரூம் வேணும், மார்க்கர் ஒட்டத் தெரிஞ்ச ஆள் வேணும், தோலே எலும்பு மேல நகர்றதால அங்கயும் தப்பு உண்டு. சின்ன கிளினிக் இதை நெனைக்கவே வேணாம். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு எந்தத் தசையை ஆபரேஷன் பண்றதுன்னு முடிவு எடுக்கற மாதிரி கேஸ்னா, லேப் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைங்க, அங்க அந்தச் செலவு நியாயம்.

இதுக்கெல்லாம் நடுவுல, பலகையும் கேமராவும் சேத்துக் கட்டி ஒரு லேப்டாப்போட விக்க வர்றாங்க பாருங்க. அவங்க குடுக்கற ரிப்போர்ட்ல ஒரு மனுஷ உருவம், மேல சிவப்பு மஞ்சள் பச்சை, கீழ "பேலன்ஸ் ஸ்கோர் 72". 72 என்னது, கிலோவா, சென்டிமீட்டரா, சதவீதமா? என்கிட்ட வந்தவரை அதே பலகையில ரெண்டு தடவை ஏறச் சொன்னேன், முதல்ல 81, அஞ்சு நிமிஷம் கழிச்சு 68. நீங்க இன்னும் அதுக்குப் பழகல சார்னு என்னைப் பாத்துச் சொன்னாரு, ஏறினது அவரு. வாங்கறதா இருந்தா கேளுங்க, கணக்குப் போடறதுக்கு முன்னாடி இருக்கற மூல டேட்டாவை ஃபைலா எடுக்க முடியுமா, ஸ்கோர் எதை வச்சுக் கணக்குப் பண்றீங்க, ஒரே ஆள் ஒரே நாள்ல ரெண்டு தடவை ஏறினா எவ்ளோ மாறும். மூணுக்கும் பதில் வரலன்னா அது ரிப்போர்ட் அச்சடிக்கற மெஷின்.

எங்கிட்ட ஒரு சின்ன கிளினிக்குக்கு என்ன வாங்கறதுன்னு கேட்டா, ஃபோம், நல்ல ட்ரைபாட், ரெண்டு எடை மெஷின், தரையில டேப். பழைய பேலன்ஸ் போர்டு கிடைச்சா அதையும், சக்கரை பேஷண்ட் நெறைய வர்ற இடமா இருந்தா அதைத் தேடியே வாங்கலாம், மத்தபடி அவசரமில்ல. ஏஐ எலும்புக்கூட்டை ஸ்போர்ட்ஸ் பசங்களுக்கும் ஜிம் ஆளுங்களுக்கும் வச்சுக்கங்க, டைட்ஸ் போட்டு வருவாங்க. வீட்ல பாத்துக்கறவங்களுக்கு மாசம் ஒரு தடவை அதே நாற்காலியில 3 மீட்டர் டெஸ்ட், அதே இடத்துல இருந்து ஒரு வீடியோ, இது போதும், ஆப் வேணாம். ஆனா திடீர்னு ஒரு நாள் தள்ளாட்டம் வந்து, வாய் கோணிச்சு, பேச்சு குழறுதுன்னா இதுல எந்த டெஸ்டும் பண்ணிட்டு இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி. ஸ்ட்ரோக்குக்கு ரத்தக்கட்டைக் கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், நம்ம ட்ராஃபிக் அதுல பாதியைத் தின்னுடும்.

இவ்ளோ நேரம் பேலன்ஸ் பத்தியே பேசிட்டேன், கை கால் ஒத்துழைப்புன்னு ஒண்ணு இருக்கே. மூக்கைத் தொட்டு என் விரலைத் தொடறது, உள்ளங்கையை மாத்தி மாத்தித் திருப்பறது, இதெல்லாம் கண்ணாலயே பாத்துடலாம். கஷ்டம் டான்ஸ் பசங்கதான். ஒரு டீச்சர் வந்து, கணுக்கால் அடிபட்ட பொண்ணு குணமாய்ட்டா, ஆனா மூணாங்காலத்துல, அதாவது தாளத்தோட மூணாவது வேகத்துல, இடது கால் லேட்டா விழுதுன்னு எனக்குத் தோணுது, அளக்க முடியுமான்னு கேட்டாங்க. சாதா வீடியோ செகண்டுக்கு 30 படம், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 33 மில்லிசெகண்ட் ஓட்டை, பாதத்தைத் தரையில தட்டற வேகமான தட்டடவுல கால் வெறும் மங்கலாத்தான் தெரியும். ஸ்லோமோஷன்ல 240 வரைக்கும் போகலாம், ஆனா கிளாஸ் ரூம் பழைய ட்யூப்லைட்ல எடுத்தா வெளிச்சம் செகண்டுக்கு 100 தடவை மினுக்கறதால படம் பூரா இருட்டும் வெளிச்சமுமா ஓடும், பகல் வெளிச்சத்துல எடுக்கணும்.

அதைவிட சுலபமான வழி மைக்கு. போன் மைக்கு செகண்டுக்கு 44,100 தடவை பதியும், எந்த கேமராவும் பக்கத்துல வர முடியாது. சலங்கையைக் கழட்டச் சொல்லி, ஒரு பொண்ணை மட்டும் ஆட விட்டு, டீச்சர் தட்டுக்கழியில தட்டற சத்தத்தையும் பாதம் தரையில விழற சத்தத்தையும் ரெக்கார்ட் பண்ணி, சத்தத்தைக் கோடா காட்டற ஆடாசிட்டி சாஃப்ட்வேர்ல திறந்தா, கழி ஒரு கூரான முள்ளு, பாதம் கொஞ்சம் அகலமான முள்ளு, நடுவுல இடைவெளி மில்லிசெகண்ட்ல. வலது காலுக்கும் இடது காலுக்கும் தனித்தனியா எழுதி ஒப்பிட்டா டீச்சர் காது சொன்னது சரியா இல்லையான்னு தெரிஞ்சுடும். போனை மட்டும் கழிக்கும் காலுக்கும் நடுவுல சமமான தூரத்துல தரையில வைங்க, சத்தம் மூணரை மீட்டர் கடக்கவே 10 மில்லிசெகண்ட் ஆகும், டீச்சர் பக்கத்துல போனை வச்சுட்டா பொண்ணு மேல பழி விழும்.